மண்புழுவுக்கும் நன்றி கூறிய பேராசிரியர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகிறது. எழுந்து நிற்கிறோம், பாடல் முடிந்ததும் அமர்ந்துவிடுகிறோம். அவ்வாழ்த்தை யாத்த பெருமகனார் நாம் பிழைக்க வந்த இத்திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்தவர் என்பதை நம் குடியிருப்புச் சிறுவருள் எத்துணைப் பேர் அறிவர்? அறிவியலையும் கதைக்குள் வைத்துத் தந்தவர் அவர் என்பதைப் பெரியவர்களாகிய நாமே மறந்திருக்கிறோம்.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. அன்னையார் மாடத்தி அம்மாள். திருவனந்தபுரத்தில் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டமும், 1880-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். சில காலம் திருநெல்வேலியில் ஆசிரியப் பணி ஆற்றியபின், இந்நகர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கினார். தம் ஆசான் ஹார்வியின் பெயரைத் தம் இல்லத்திற்குச் சூட்டி ஹார்விபுரம் என வழங்கினார். அத்தகைய நன்றியுள்ளம் அவருடையது.

1885-இல் சைவப் பிரகாச சபையை இங்கு நிறுவினார். பல்வேறு அறிவுத் துறைகளை வகுத்துக் காட்டும் நூற்றொகை விளக்கத்தை 1888-இல் தமிழில் வெளியிட்டார். அது கற்றோர்க்கான நூல். மற்றையோர்க்கு? அவ்வினாவுக்கு விடைபோல 1891-இல் வெளிவந்தது மனோன்மணீயம் என்னும் நாடகம்.

அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியில் சிக்கிய பாண்டியன் சீவகன், திருவனந்தபுரத்திலிருந்து ஆளும் சேர வேந்தன் புருடோத்தமன், கனவிலே காதல் கொண்ட மனோன்மணி: இதுவே கதை. இதனிடையே வயற்புறத்தில் தனித்து நிற்கும் நடராசன், காலடியிற் கிடப்பவற்றைக் கூர்ந்து நோக்குகிறான். சிறு புற்பூண்டு தேன் தந்து ஈக்களை அழைத்து மகரந்தத்தைப் பரப்புவதையும், அதன் விதைகள் ஆடுமாடுகளின் மேல் ஒட்டிக்கொண்டு வேற்றிடம் சேர்வதையும் காண்கிறான். நாங்கூழ்ப் புழு மண்ணை உண்டு நுண்ணியதாக்கிப் பயிருக்கு உதவுவதைக் கண்டு, உழுதொழிலில் அதற்கே முதலிடம் அளிக்கிறான். தாவர நூலும் மண்ணூலும் அங்கே ஓர் இளைஞனின் வியப்பாக மாறிவிடுகின்றன.

மேனாட்டறிஞர் டார்வின் மண்புழு பற்றிய தம் நூலை 1881-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழிச் செல்வதாக அவர் கணக்கிட்டார். ரயில்வேயிற் சரக்குக் கணக்கு எழுதும் எமக்கு அதன் அளவு விளங்கும். பழைய நான்கு சக்கரச் சரக்கு வண்டியின் ஏறத்தாழப் பாதிச் சுமை அது! அந்நூல் வெளிவந்த பத்தே ஆண்டுகளில், அச்சிற்றுயிரின் பெருமை தமிழ்க் கவிதையில் ஏறிவிட்டது.

எம் இல்லத்துச் சிறுவன் மகரந்தச் சேர்க்கையை ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்பிப்பான். பொருள் யாதென வினவினோம்; விழித்தான். நடராசன் கண்ட பூண்டின் கதையைத் தமிழிற் கூறினோம். மறுநாள் விளையாடித் திரும்பியவன், தன் கால்சட்டையில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல் விதைகளைக் காட்டி, தன்னையும் அது வண்டியாக்கிக் கொண்டதே எனச் சிரித்தான். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய யாம் அன்றுதான் கல்வி இன்னதென உணர்ந்தோம்.

பேராசிரியர் 1897 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 42-ஆம் வயதில் மறைந்தார். 1970-இல் தமிழக அரசு அவர்தம் வாழ்த்தை ஏற்றது. 1990-இல் நெல்லையில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. அவர் வாழ்ந்த ஊரிலுள்ள நாம் செய்ய வேண்டுவது என்ன? வரும் ஆண்டு விழாவில் நடராசன் வரும் அவ்வொரு காட்சியை நம் சிறுவர் நடிக்கட்டும். வேற்று மொழியிற் பயிலும் அவர்கள், அறிவியல் தாய்மொழிக்கு அயலானதன்று எனத் தெளிவர். அதன்பின் அவ்வாழ்த்துக்கு நாம் எழுந்து நிற்பது பொருளுடையதாகும்.

வாழ்க தமிழ்!