டாக்டர் சுப்பாராவ்

புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுத் தேறிவரும் உங்கள் வீட்டாருக்கு இரத்த அணுக்கள் குறைந்துவிட்டன என்று வைத்தியர் சொல்லக் கேட்டுக் கலங்கியதுண்டா? அப்படியானால் இந்த மனிதரின் சரிதையை அறிந்துகொள்ளுங்கள்.

யெல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார். அவருடைய சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. உணவின் சத்து உடலில் சேராமல் இரத்தம் வற்றிப்போகும் நோய் அது. சென்னை வைத்தியக் கல்லூரியில் அவர் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. மனந்தளராமல் அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவில் ஊழியம் செய்துகொண்டே படித்தார்.

1945-ல் அவர் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் போலிக் அமிலத்தைச் செயற்கையாய்ச் செய்தனர். புது இரத்த அணுக்கள் உண்டாக இச்சத்து வேண்டும். ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகை அதனால் நீங்கிற்று. அச்சத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் மருந்தும் அங்கேதான் பிறந்தது. 1947-ன் இறுதியில் டாக்டர் சிட்னி பார்பர் அதை இரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்க, சிலருக்கு நோய் சில மாதம் அடங்கிற்று. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ம் வயதில் காலமானார்.

அவ்வழி வந்த மெதோட்ரெக்சேட் இன்றும் வழங்குகிறது. புற்றணுக்களைப் போலவே எலும்பு மஜ்ஜையின் அணுக்களும் வேகமாய்ப் பெருகுபவை. ஆகவே மருந்து இரண்டையும் தாக்குகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் அணுக்கள் மீளும். அதுவரை காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்றிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வைத்தியரைக் கேளாமல் சத்து மாத்திரை எதுவும் கொடாதீர்கள். முகம் வெளுத்திருப்பது கண்டு நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.