கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

1906-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த கிரேஸ் ஹாப்பர், ஏழு வயதில் வீட்டிலிருந்த ஏழு அலாரம் கடிகாரங்களையும் கழற்றிப் போட்டுவிட்டார். இனி ஒன்றை மட்டும் கழற்றலாம் என்று அனுமதித்தாராம் தாயார். நம் வீட்டில் அந்த ஒன்றும் கிடைக்காது!

கணித ஆசிரியையாக இருந்த அம்மையார், உலகப்போரின்போது கடற்படையில் சேர்ந்தார். 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் ராட்சதக் கணிப்பொறியில் பணி கிடைத்தது. அங்கே சரியாக வேலை செய்த கட்டளைகளை எல்லோரும் நோட்டில் எழுதிவைத்து, ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்தனர். தோழியின் நோட்டைப் பார்த்தெழுதினால் நமக்குத் திட்டு விழும்; அங்கே அதுவே வழக்கம். ஆனால் அவசரத்தில் ஆங்கில 'பி' எழுத்து 13 ஆகிவிடும். கணக்கு முழுவதும் கெடும்.

பின்னர் யூனிவாக் கணிப்பொறியில் பணியாற்றியபோது, இத்தகைய கட்டளைத் தொகுதிகளைத் திரட்டிக் காந்த நாடாவில் பதித்தார். நூலகப் புத்தகங்களைப் போல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைக் குறிப்பிட்டால் போதும், கணிப்பொறியே தேடியெடுத்துச் சேர்த்துக்கொள்ளும். 1952-இல் இது இயங்கியபோதும் பலர் நம்பவில்லை. கணிப்பொறிக்குக் கணக்கு மட்டுமே தெரியும் என்றனர்.

1953-இல் வெளிவந்த ஏ-2 என்ற அடுத்த தொகுப்பில் ஒளிவுமறைவே இல்லை. உள்ளேயுள்ள கட்டளைகள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் தரப்பட்டன. திருத்தங்கள் தோன்றினால் எழுதியனுப்பும்படியும் கேட்டுக்கொண்டனர்.

1986-இல் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்றபோது அம்மையாருக்கு வயது 79. 1992 புத்தாண்டு நாளில் காலமானார்.