மின்னஞ்சலுக்கு நெறி வகுத்த பொஸ்டெல்

திருப்பூரில் பனியன் தைத்து அயல்நாடுகட்கு அனுப்பும் வணிகர் ஒருவருக்கு ஜெர்மனியிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வருகின்றது எனக் கொள்வோம். அதன் முகவரியில் தெருவும் இல்லை, ஊரும் இல்லை. வணிகரின் பெயரும், அட் குறியும், அதன்பின் களப்பெயர் ஒன்றுமே உள்ளன. இவ்வளவு சிறிய முகவரியைத் துணையாகக் கொண்டு கடல்கடந்த அஞ்சல் வழிதவறாது வந்து சேர்கின்றது. அதற்குரிய நெறிகளை வகுத்தோருள் முதன்மையானவர் ஜான் பொஸ்டெல் என்னும் அமெரிக்க அறிஞர் ஆவார்.

பொஸ்டெல் கலிபோர்னியா மாநிலத்து ஆல்டடீனா என்னும் ஊரில் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1966இல் பட்டமும் 1974இல் முனைவர் பட்டமும் பெற்றார். இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் வாயிலாக முதற்செய்தி 1969 அக்டோபர் 29 அன்று அப்பல்கலைக்கழகத்திலிருந்தே அனுப்பப்பெற்றது. அப்பொழுது பொஸ்டெல் அங்கு மாணவர். வலையமைப்பின் நெறிகளை எழுதிச் சுற்றுக்கு விடும் குறிப்பு வரிசை ஒன்று அவ்வாண்டில் தொடங்கியது. அதன் பதிப்பாசிரியராக அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். வலையமைப்பில் வழங்கும் எண்களுள் ஒன்றை இருவர் கைக்கொண்டால் குழப்பம் விளையும் அன்றோ? ஆகவே, அவ்வெண்களைப் பதிந்து காக்கும் பணியையும் அவர் தாமே முன்வந்து ஏற்றார். நீண்ட தாடியும் காலில் எளிய செருப்புமாகத் திரிந்த அவரைக் காண்போர், அத்துணைப் பெரும்பொறுப்பு அவரிடம் இருந்தது என்று எளிதில் நம்பியிரார்.

தொடக்கத்தில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கணிப்பொறிகள் பெருகவே, பட்டியல் தாங்கவில்லை. மாற்றுவழி காணும் பணியைப் பொஸ்டெல் தம் உடன்பணியாளர் பால் மொக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். அவர் 1983இல் களப்பெயர் முறையை வகுத்தளித்தார். ஒரு மரத்தின் வேரினின்று கிளைகள் பிரிதல் போலப் பெயர்கள் பிரியும் முறை அது. நாடுகளுக்கு ஈரெழுத்துப் பெயர் வழங்க வேண்டியபோது, எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்பளிக்கப் பொஸ்டெல் விரும்பவில்லை. உலகத் தர நிறுவனத்தின் பட்டியலையே மேற்கொண்டார். அவ்வாறே இந்தியாவுக்குரிய 'இன்' என்னும் பெயர் 1989இல் பதிவாயிற்று.

அஞ்சலைக் கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் நெறியைப் பொஸ்டெல் 1982இல் எழுதி வெளியிட்டார். அதனைக் களப்பெயரோடு இணைக்கும் எம்.எக்ஸ். பதிவின் விதிகளை 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்பார் வரைந்தார். கொங்கு நாட்டில் உழவர் பலர் ஊரைவிட்டு விலகித் தோட்டத்துச் சாளைகளில் வாழ்வர். அவருள் ஒருவர், தமக்கு வரும் கடிதங்களை ஊர்முகப்பிலுள்ள கடையில் கொடுக்குமாறும், அது அடைத்திருப்பின் அடுத்த கடையில் கொடுக்குமாறும் தபால்காரரிடம் சொல்லிவைப்பதாகக் கொண்டால், எம்.எக்ஸ். பதிவின் இயல்பு விளங்கும். ஜெர்மனியிலுள்ள கணிப்பொறி, திருப்பூர் வணிகரின் களப்பெயருக்கு அஞ்சல் ஏற்பவை எவை என்று முதலில் வினவும். விடையாகச் சில கணிப்பொறிகளின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் கிடைக்கும். சிறிய எண்ணுடையதை முதலில் நாடும்; அது வாளா இருப்பின் அடுத்ததை நாடும். எதுவும் ஏற்காவிடின் அஞ்சலைத் தன்னிடமே வைத்திருந்து சில நாள்கள் மீண்டும் மீண்டும் முயலும்; பின்னரும் இயலாதாயின் அனுப்பியவருக்கே அறிவிக்கும். வணிகர் தம் அஞ்சற்பணியை வேறொரு நிறுவனத்திடம் மாற்றினாலும் பதிவை மட்டும் திருத்தினால் போதும், முகவரி மாறாது. பதிவில் ஓர் எழுத்துப் பிழைத்தாலோ, அனுப்பிய வேலைக்கு உரிய ஆணை வந்து சேராது.

கணிப்பொறி தான் அனுப்புவதில் கண்டிப்பாகவும், பிறர் அனுப்பியதை ஏற்பதில் தாராளமாகவும் இருத்தல் வேண்டும் என்பது பொஸ்டெல் வகுத்த விதி. தீயோர் பொய்யஞ்சல் அனுப்பும் இக்காலத்தில் அத்தாராளம் தகுமோ என்று வல்லுநர் வாதிடுகின்றனர், அவ்வாதம் பொருளற்றதன்று.

பெயர்மரத்தின் வேர் யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் பூசல் 1998இல் முற்றியது. அவ்வாண்டு ஜனவரியில், வேர்ப்பட்டியலைக் காக்கும் கணிப்பொறிகளை நடத்தியோருள் எண்மருக்குப் பொஸ்டெல் ஒரு மின்னஞ்சல் விடுத்து, இனித் தம் கணிப்பொறியிலிருந்தே அப்பட்டியலைப் பெறுமாறு வேண்டினார். அவர்களும் அவ்வாறே செய்தனர். அமெரிக்க அரசு வெகுண்டது. அது சோதனையே என்று கூறிய பொஸ்டெல், சில நாள்களில் பழைய நிலையை மீட்டார். உலகத்து அஞ்சல் வழிகள் யாவும் ஒருவர்மீது பிறர் வைத்த நம்பிக்கையில் தொங்கியிருந்தமை அன்று அனைவர்க்கும் புலனாயிற்று. அப்பொறுப்பை ஏற்பதற்கென ஐகேன் என்னும் நிறுவனம் செப்டம்பர் இறுதியில் தோன்றியது. அதனை அமைப்பதில் பொஸ்டெலும் பாடுபட்டார்.

இதயநோயுற்றிருந்த பொஸ்டெல், அறுவை மருத்துவத்திற்குப்பின் 1998 அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவருடைய நண்பர் விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கலுரை, பொஸ்டெல் பதிப்பித்துவந்த அக்குறிப்பு வரிசையிலேயே 2468ஆம் எண்ணுடையதாக வெளிவந்தது.