எல்லைப்புறத்துப் பெரியார் றோபேட் சூமன்

வென்ற போர்களாற் பெயர்பெற்ற அரசியலாளர் பலர். போருக்குரிய பொருள்களைப் பகைவரோடு பொதுவாக்கிப் பெயர்பெற்றவர் பிரெஞ்சு அமைச்சர் றோபேட் சூமன்.

இவர் 1886 யூன் 29ஆம் நாள் லக்சம்பேர்க்கிற் பிறந்தார். தந்தையார் லொறேன் மாகாணத்தவர். 1871இல் அப்பகுதி ஜேர்மனியின் வசமானமையால், பிரெஞ்சுக்காரராய்ப் பிறந்த அவர் ஜேர்மானியக் குடியாயினார், மைந்தரும் அவ்வாறே. பொன், மியூனிக், பேர்லின் முதலிய நகரங்களிற் சட்டம் பயின்ற சூமன், 1912இல் லொறேனிலுள்ள மெற்ஸ் நகரில் வழக்கறிஞரானார். முதலாம் உலகப் போரின்பின் லொறேன் பிரான்சுக்கு மீண்டது. அவரும் பிரான்சியராகி 1919இற் பாராளுமன்றம் புகுந்தார். லொறேனை விட்டகலாமலே அவர் நாடு மாறினார், பெயர்ந்தது எல்லைக்கோடே. இதனை மனத்திற் கொண்டார்க்கே அவர்தம் பிற்காலச் செயல் நன்கு விளங்கும் என்பது என் துணிபு.

1940 செப்டெம்பரில் ஜேர்மானிய இரகசியப் பொலிசார் அவரைப் பிடித்தனர். ஏழு திங்கள் மெற்ஸ் சிறையிற் கிடந்தார். பின்னர் ஜேர்மனியிற் காவலில் வைக்கப்பட்டு, 1942இல் தப்பினார். போர் ஓய்ந்தபின் மக்கள் குடியரசு இயக்கம் என்னும் நடுநிலைக் கட்சியின் சார்பில் நிதியமைச்சராயும், பிரதமராயும், 1948 முதல் வெளிநாட்டமைச்சராயும் விளங்கினார்.

1950 மே 9ஆம் நாள் பாரிஸ் நகரில் அவர் ஓர் அறிக்கை விடுத்தார். பிரான்சு, ஜேர்மனி ஆகிய இரு நாட்டு நிலக்கரி, உருக்கு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகாரபீடத்தின்கீழ் வைத்தல் வேண்டும். விரும்பும் ஏனைய நாடுகளுஞ் சேரலாம் என்பதே அதன் சாரம். திட்டம் வகுத்தவர் ஷான் மொனே. அதன் பொறுப்பை ஏற்றவர் சூமன். நிலக்கரியின்றி உருக்கில்லை, உருக்கின்றிப் பீரங்கியில்லை. இரண்டும் பொதுவாயின் மறைவிற் படைக்கலஞ் செய்தல் அரிதன்றோ? பாரிஸ் ஜேர்மானியர் கையினின்று விடுபட்டு ஆறாண்டு நிறையாத காலம் அது. மேற்கு ஜேர்மனியின் தலைவர் அடினோவர் உடன்பட்டார். 1951 ஏப்ரில் 18ஆம் நாள் அவ்விரு நாடுகளுடன் இத்தாலி, பெல்ஜியம், ஒல்லாந்து, லக்சம்பேர்க் என்பனவும் ஒப்பமிட்டன.

எண்ணியவெல்லாம் கைகூடின அல்ல. பொதுப்படை அமைக்கும் உடன்படிக்கையை 1954இற் பிரெஞ்சுப் பாராளுமன்றமே தள்ளிவிட்டது. சூமன் தளர்ந்திலர். 1958 முதல் 1960 வரை ஐரோப்பியப் பாராளுமன்றப் பேரவைக்குத் தலைமை தாங்கி, 1963 செப்டெம்பர் 4ஆம் நாள் மெற்ஸ் அருகே காலமானார். மே 9 இன்று ஐரோப்பிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

பதவிகளை எண்ணி யான் அவரைப் பெரியரெனப் போற்றவில்லை. தம்மைச் சிறையிட்ட நாட்டின் மக்களைத் தம் மக்களோடு ஒரு பந்தியில் இருத்தத் துணிந்தாரே, அத்துணிவே பெருமை. மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக.