அணுவுக்கு எடை கண்ட ஆசான்

இங்கிலாந்தின் வடபால் கம்பர்லாந்து நிலப்பகுதியில் ஈகில்ஸ்ஃபீல்டு என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் தறி நெய்து வாழ்ந்த எளிய குடும்பமொன்றில் 1766ஆம் ஆண்டு ஜான் டால்டன் பிறந்தார். வேதியியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலேயே கேட்டறியும் பெயர் அது. ஆயினும், அப்பெயருக்குரியவர் தம் 12ஆம் வயதிலேயே ஊர்ப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தவர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

அவர் குடும்பத்தினர் குவேக்கர் சமயப் பிரிவினர். ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்று ஒப்பமிடாதவர் ஆக்ஸ்ஃபோர்டில் சேரவும் கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் இயலாத காலம் அது. ஆகவே, பல்கலைக்கழக வாயில் டால்டனுக்கு அடைபட்டிருந்தது. கெண்டல் நகரில் தமையனுடன் பள்ளி நடத்திய நாளில், ஜான் காஃப் என்னும் அறிஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது. அம்மையால் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர் காஃப். அவரே டால்டனுக்குக் கணிதமும் மொழிகளும் கற்பித்தார். வானிலைக் குறிப்பு எழுதும் பழக்கத்தையும் ஊட்டினார். 1787இல் தொடங்கிய அக்குறிப்பை டால்டன் 57 ஆண்டுகள், இறப்பதற்கு முந்தைய நாள் வரை, விடாது எழுதினார். பார்வையற்ற ஆசானிடமிருந்து உற்றுநோக்கும் கலையைக் கற்ற மாணவர் அவர்!

1793இல் மான்செஸ்டர் சென்று அங்கிருந்த புதிய கல்லூரியில் கற்பித்தார். 1800இல் அப்பணியை விடுத்தபின், தனிப்பாடம் சொல்லியே வாழ்ந்தார். மணம் புரியவில்லை. வியாழன்தோறும் பிற்பகலில் புல்தரையில் பந்துருட்டி ஆடுவது ஒன்றே அவர் அறிந்த பொழுதுபோக்கு. ஆற்றல் பற்றிய ஆய்வால் பின்னாளில் புகழ்பெற்ற ஜூல் அவரிடம் பயின்றவரே.

அணு என்னும் கருத்து டால்டனுக்கு நெடுங்காலம் முற்பட்டது. கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸும், இந்தியாவில் வைசேடிகரும், அரபு மொழியில் எழுதிய கலாம் சிந்தனையாளரும் பகுக்கவியலாத நுண்துகள் பற்றிப் பேசியிருந்தனர். அவையெல்லாம் தத்துவ ஆராய்ச்சிகள். டால்டனின் வழி வேறு. மழையையும் பனியையும் கவனித்தவர், காற்றில் நீராவி எவ்வாறு கலந்து நிற்கிறது என வினவினார். அவ்வினா வளிமங்களின் ஆய்வுக்கும், 1801இல் பகுதி அழுத்த விதிக்கும், 1803இல் அணு எடைகளின் முதற் பட்டியலுக்கும் அவரை இட்டுச் சென்றது. ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒத்த எடையின. வேறு தனிமத்தின் அணுக்கள் வேறு எடையின. சேர்மம் உண்டாகும்போது அணுக்கள் முழு எண்ணிக்கையிலேயே இணைகின்றன. இதுவே அவர் கொள்கையின் சாரம்.

எடுத்துக்காட்டொன்று காண்போம். 3 கிராம் கார்பன் 4 கிராம் ஆக்சிஜனோடு இணைந்தால் கார்பன் மோனாக்சைடு. 8 கிராம் ஆக்சிஜனோடு இணைந்தால் கார்பன் டைஆக்சைடு. நான்குக்கும் எட்டுக்கும் இடையே ஐந்தரை, ஆறேகால் என ஏன் வருவதில்லை? அரை அணு என ஒன்று வினையில் ஈடுபடுவதில்லை, அதனால்தான். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைத் தராசுத் தட்டில் கொணர்ந்து வைத்தவர் டால்டன் என்றால் மிகையாகாது.

அவர் வழுவினார் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து உண்டாவதாக அன்று அறியப்பட்டிருந்த சேர்மம் நீர் ஒன்றே. எனவே அதில் ஒவ்வொன்றிலும் ஓரணுவே இருக்கும் எனக் கொண்டார். அதனால், 1808இல் வெளிவந்த அவர் நூலில் ஆக்சிஜனின் எடை 7 என்று நின்றது. இன்று நாம் கொள்வது 16. வளிமங்கள் பருமனளவில் எளிய விகிதத்திலேயே இணைகின்றன என கே-லூசாக் கண்டுரைத்ததை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1811இல் அவகாட்ரோ காட்டிய வழியே சிக்கலைத் தீர்க்க வல்லது; அதனை வேதியியலார் பரவலாக ஏற்க 1860க்குப் பின்னரே காலம் கனிந்தது. எடைகள் மாறின, எடையிடும் முறை நிலைத்தது.

டால்டனுக்கு நிறக்குருடு இருந்தது. தம் குறையைத் தாமே ஆராய்ந்து 1794இல் கட்டுரை படித்தார். சிவந்த அரக்கும் பச்சிலையும் அவருக்கு ஏறத்தாழ ஒரே நிறம். ஒருகாலத்தில் அவரைப் போன்றோருக்கு வாயிலடைத்த ஆக்ஸ்ஃபோர்டே 1832இல் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. 1834இல் அரசரைக் காணச் சென்றபோது அப்பட்டத்துக்குரிய செந்நிற அங்கியை அணிந்தார். பகட்டு நிறங்களை அக்காலக் குவேக்கர் விலக்கினர். அவர் கண்ணுக்கோ அது சிவப்பாகவே தோன்றவில்லை!

1844 ஜூலை 27ஆம் நாள் மான்செஸ்டரில் அவர் மறைந்தார். வாழ்நாளெல்லாம் எளிமையாய் இருந்தவரின் உடலுக்கு ஏறத்தாழ 40,000 பேர் வந்து இறுதி மரியாதை செலுத்தினர். தம் கண்ணினுள் உள்ள நீர்மம் நீலம் பாய்ந்திருக்க வேண்டும் எனக் கருதியிருந்த அவர், இறந்தபின் அதனைச் சோதிக்குமாறு பணித்திருந்தார். மருத்துவர் சோதித்தார், நீர்மம் தெளிவாகவே இருந்தது. எஞ்சிய கண்பகுதி பாதுகாக்கப்பட்டது. 1995இல் அதிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தபோது, பச்சை ஒளியை உணரும் நிறமிக்குரிய மரபுக்கூறு அவரிடம் இல்லாமை புலனாயிற்று.