பொம்மை வீரர்களும் நிஜப் போரும்: எச்.ஜி.வெல்ஸ் தரையில் உருவாக்கிய விளையாட்டு

வீட்டு பிரிண்டரில் வீரர்களையும் டிராகன்களையும் அச்சிட்டு, கத்தரித்து, அட்டையில் ஒட்டி நிறுத்தி, சாப்பாட்டு மேசையிலேயே போர் நடத்தும் ரசிகர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் விதிகளையும் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். யார் எத்தனை அங்குலம் நகரலாம், யார் அடித்தால் யார் விழுவார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கை ராணுவ அலுவலகங்களிலிருந்து வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு ஒரு நாவலாசிரியருக்கு உண்டு. ‘டைம் மெஷின்’ எழுதிய எச்.ஜி.வெல்ஸ்தான் அவர். போரை வெறுத்தவர் எதற்காகப் போர் விளையாட்டை உருவாக்கினார்? அதற்கு அடுத்த ஆண்டே நிஜப் போர் வந்தபோது என்ன செய்தார்?

யார் இந்த வெல்ஸ்?

1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பிராம்லியில் பிறந்தவர் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். அப்பா ஜோசப், பீங்கான் சாமான்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். நல்ல பந்துவீச்சாளரும்கூட. 1862-ல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தவர். ஆனாலும் வீட்டில் காசு தங்கவில்லை.

7 வயதில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோதுதான் வெல்ஸுக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. கூடவே இன்னொரு பழக்கமும் வந்தது. தெருவிலும் மேட்டிலும் தனியாக நடக்கும்போது, மனசுக்குள் பெரிய படைகளை நடத்துவார். நூற்றுக்கணக்கானோர் சாவார்கள், நகரங்கள் விழும், கடைசியில் ஜெயிப்பது எப்போதும் வெல்ஸ்தான். எதிரிக்கு அங்கே வாய்ப்பே கிடையாது.

பிறகு ஜவுளிக்கடையில் எடுபிடி வேலை. அதை வெறுத்து வெளியேறியவர், உதவித்தொகை பெற்று 1884-ல் லண்டனில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்கு உயிரியல் வாத்தியார், டார்வின் கொள்கைக்காக வாதாடிய டி.எச்.ஹக்ஸ்லி. 1895-ல் ‘டைம் மெஷின்’, 1898-ல் ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ வெளியாகின. 30-களின் தொடக்கத்திலேயே அவர் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்.

ஒரு பொம்மைப் பீரங்கியில் தொடங்கியது

1900-களில் வெல்ஸ் குடும்பம் சாண்ட்கேட் என்ற கடற்கரை ஊரில் வசித்தது. 1901-ல் ஜார்ஜ் பிலிப், 1903-ல் பிராங்க் என இரண்டு மகன்கள். வீட்டுத் தரை முழுக்க மரப்பலகைகளும் ஈய பொம்மைகளும்தான். அப்போது ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி ஒன்று கடைக்கு வந்திருந்தது. ஓர் அங்குல நீள மரக்குச்சியைச் சுடும். 9 கஜ தூரத்தில் நிற்கும் பொம்மை வீரனைப் பத்துக்கு ஒன்பது முறை சாய்க்கும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெல்ஸின் நண்பரும் நகைச்சுவை எழுத்தாளருமான ஜெரோம் கே.ஜெரோம் சும்மா அந்தப் பீரங்கியை எடுத்துச் சுட ஆரம்பித்தார். போட்டி சூடுபிடித்தது. யார் அதிகம் சாய்ப்பது என்பதோடு விடாமல், வீரர்கள் நகர்ந்தால் எப்படி, ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் எப்படி என்று வெல்ஸ் யோசித்தார். விளையாட்டு பிறந்தது அங்கேதான்.

கலைக்களஞ்சியத்தின் தடித்தடி தொகுதிகள் முதலில் மலைகளாயின. பிறகு அட்டையில் வீடுகள், சாக்பீஸில் வரைந்த ஆறு, பலகையில் செருகிய செடிக்குச்சிகளில் காடு. எல்லாமே கையில் கிடைத்ததை வைத்துச் செய்தவை.

விதிகள் எப்படி உருவாயின?

போர் விளையாட்டு அப்போது புதுசு இல்லை. பிரஷ்ய ராணுவம் 1820-களிலிருந்தே அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ‘கிரீக்ஸ்பீல்’ என்ற விளையாட்டை வைத்திருந்தது. வரைபடம், அட்டவணை, தீர்ப்பு சொல்ல ஒரு நடுவர் என அது கனமானது. வெல்ஸுக்கு வேண்டியது சாதாரண ஆட்கள் ஒரு மதியத்தில் ஆடி முடிக்கக்கூடிய ஒன்று.

அதற்கு அவர் பிடித்த வழி எளிமையானது: ஆடிப் பார், எங்கே தப்பாகிறது என்று கவனி, விதியை மாற்று. முதலில் நேருக்கு நேர் மோதலைக் காசு சுண்டித் தீர்மானித்தார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒற்றை வீரனே ஒரு வரிசையைச் சாய்த்துவிடலாம். அது சரிவரவில்லை. எனவே மோதினால் இரு பக்கமும் ஆளுக்கு ஆள் சமமாக இழக்க வேண்டும், ஆதரவின்றி மாட்டிக்கொண்ட சிறு படை சரணடைய வேண்டும் என்று மாற்றினார்.

காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி, குதிரைப்படை 2 அடி நகரலாம். பீரங்கிக்கு 6 அங்குலத்துக்குள் குறைந்தது 4 வீரர்கள் இருந்தால்தான் அது சுடும். யோசித்து இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நகர்வுக்கும் நேரக் கட்டுப்பாடு. ஆரம்பத்தில் நடுவே ஒரு திரை. எதிரி எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று திரை விலகும்வரை தெரியாது.

சின்னப் பையனின் கனவுப் போரில் இல்லாத ஒன்று இங்கே வந்துவிட்டது. எதிரியும் யோசிப்பான். இழந்த ஆள் திரும்பி வரமாட்டான்.

1911-ல் ‘ஃப்ளோர் கேம்ஸ்’, 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இந்த ஆட்டங்களைப் புத்தகங்களாக்கினார். இரண்டாவது, 12 வயதிலிருந்து 150 வயது வரையிலான பையன்களுக்கானது என்று அட்டையிலேயே குறும்பாகச் சொன்னது. அந்தக் குறும்பில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார், பையன்களின் விளையாட்டை விரும்பும் புத்திசாலிப் பெண்கள் என்ற நிபந்தனையோடு. இன்று படித்தால் அது உறுத்தும்.

பொம்மைப் போரில் சமாதானப் பாடம்

புத்தகத்தின் முடிவில் வெல்ஸ் சிரிப்பை நிறுத்துகிறார். தளபதிகள், கர்னல்கள் எனப் பழுத்த ராணுவத்தினர்கூட இந்தச் சின்ன ஆட்டத்தின் அடிப்படை விதிகளிலேயே குழம்பிப்போனதைப் பார்த்ததாக எழுதுகிறார். தரையில் சில நூறு பொம்மைகளையே ஒழுங்காக நடத்த முடியாதவர்கள், உயிருள்ள லட்சக்கணக்கானோரை எப்படி நடத்துவார்கள்? மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே, நிஜப் போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். போர் வெறி பிடித்தவர்களை ஓர் அறையில் விட்டு இந்தப் பொம்மைகளைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் தந்த யோசனை.

நிஜப் போர் வந்தபோது

அடுத்த ஆண்டே, 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. வெல்ஸ் அதை எதிர்க்கவில்லை. பிரிட்டன் பக்கம் நின்று கட்டுரைகள் எழுதினார். ஜெர்மன் ராணுவவாதத்தை வீழ்த்தினால் இனிப் போரே வராது என்று நம்பினார். அந்தக் கட்டுரைத் தொகுப்பின் பெயரே போருக்கு முடிவுகட்டும் போர் என்று பொருள்படும். 1918-ல் அரசின் பிரச்சாரப் பிரிவிலும் சில மாதங்கள் வேலை பார்த்தார். தளபதிகளைக் கிண்டலடித்தவர், அதே தளபதிகளின் போருக்கு நல்ல காரணம் தேடித் தந்தார். போர் முடிந்தபோது சுமார் 90 லட்சம் ராணுவ வீரர்கள் இறந்திருந்தார்கள். போர்கள் நிற்கவில்லை.

1934-ல் வெளியான சுயசரிதையில் தன் சிறுவயதுப் போர்க் கனவுகளைத் திரும்பிப் பார்த்தார். 13 வயதுப் பையனாகத் தான் கண்ட அதே கனவுதான் ஹிட்லர் வடிவில் ஆட்சிக்கு வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. எதிரிக்கு வாய்ப்பே தராத, இழப்பே கணக்கில் வராத கனவு அது.

1914-ல் வந்த அவரது இன்னொரு நாவலில் அணுகுண்டு என்ற பெயரும் கற்பனையும் இருந்தன. அதை 1932-ல் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்ட், அடுத்த ஆண்டு அணுத் தொடர்வினை பற்றிய யோசனைக்கு வந்தார். ஹிரோஷிமாவைக் கேள்விப்படும்வரை வெல்ஸ் உயிரோடு இருந்தார். 1946 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் காலமானார்.

இன்றைய மேசை வரை

‘லிட்டில் வார்ஸ்’ பின்னால் வந்த விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு வழிகாட்டியானது. 1971-ல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ் உருவாக்கிய ‘செயின்மெயில்’, இடைக்காலப் போர் விதிகளோடு மந்திரவாதிகளையும் டிராகன்களையும் சேர்த்தது. அதிலிருந்து 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. வெல்ஸ் புத்தகத்தின் பிந்தைய பதிப்பு ஒன்றுக்கு கைகாக்ஸே முன்னுரை எழுதினார்.

இப்போது ஈய பொம்மை வாங்கக் காசு இல்லாவிட்டாலும் காகித வீரர்களை அச்சிட்டு ஆடலாம். செய்முறை அன்று போலத்தான்: ஆடிப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்து, விதியைத் திருத்துவது. ஆட்டம் முடிந்ததும் விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்து டப்பாவுக்குள் போய்விடுவார்கள். நிஜப் போரில் அது நடக்காது என்பதைத் தரையில் உட்கார்ந்து கண்டுகொண்டவர் வெல்ஸ். ஒரே வருஷத்தில் அதை அவரே மறந்துபோனார்.