மார்ஜொரி வாரன் அம்மையார்

முதுமை எய்தினாரைப் பேணுதல் மக்கட்கெல்லாம் உரிய கடன் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், பேணுதல் என்னும் பெயரால் அவர்தம் கைகால்களின் உரிமையை நாமே பறித்துவிடுதலும் உண்டு. இதனைக் கண்டறிந்து திருத்திய ஓர் ஆங்கிலநாட்டு மருத்துவப் பெருமாட்டியாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

மார்ஜொரி வாரன் என்னும் இவ்வம்மையார் 1897-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், வழக்கறிஞர் ஒருவர்க்குப் பெண்மக்கள் ஐவருள் மூத்தவராய்ப் பிறந்தார். பெண்டிர் மருத்துவம் பயிலுதல் அருகியிருந்த அந்நாளில் அதனைப் பயின்று 1923-இல் தேர்ச்சியுற்றார். 1926-இல் இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஐசில்வொர்த் மருத்துவசாலையில் பணியேற்றார். அறுவை மருத்துவத்தில் நாட்டமுடையராய் இருந்த அவர் முதியோரைத் தேடிச் சென்றாரல்லர். முதியோரே அவர்பால் வந்து சேர்ந்தனர்.

அது நிகழ்ந்தவாறு கூறுவாம். ஆங்கிலநாட்டில் 1834-ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின்வழி எழுந்த ஏழையர் விடுதிகள் பல இருந்தன. நாட்பட்ட நோயால் நலிந்த ஏழை முதியோர் அவற்றைச் சார்ந்த நோயாளர் கூடங்களில் கிடந்தனர். 1935-இல் அத்தகைய கூடம் ஒன்று, வெஸ்ட் மிடில்செக்ஸ் எனப் பெயர்பெற்ற அம்மையாரது மருத்துவசாலையோடு இணைக்கப்பட்டது. ஆங்குப் படுக்கைகள் 714. மகப்பேற்றுக்கு வந்தோரையும் மனநோயாளரையும் வேறு பிரித்தபின் எஞ்சினோருட் பெரும்பாலார் முதியோரே.

அவர்தம் நிலையை என்னென்பது! நோய் இன்னதென்று ஆராய்ந்து துணியப்படாமலே ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தோர் பலர். மூட்டுக்கள் மடங்கி இறுகின; முதுகிற் புண் தோன்றியது; தம் கையால் உண்ணுதலையும் மறந்தனர். இவையெல்லாம் முதுமையின் இயல்பென்றே பிறர் எண்ணினர். அம்மையார் அங்ஙனம் எண்ணினாரல்லர். ஒவ்வொருவரையும் தாமே முற்றச் சோதித்து, இவற்றுட் பல முதுமையால் வந்தன அல்ல, படுக்கையால் வந்தன என்று கண்டார். எமக்கு அவர்பால் மதிப்பு மிகுதற்குக் காரணம் இக்காட்சியே.

எம் பாட்டியார் ஒருமுறை கால் வழுக்கி வீழ்ந்தார். எலும்பு முறிந்திலது. ஆயினும் மீண்டும் வீழ்ந்துவிடுவாரோ என்னும் அச்சத்தால் வீட்டார் யாவரும் அவரை எழவிடாது, சோற்றையும் ஊட்டி, நீரையும் வாயருகே கொணர்ந்து போற்றினோம். மூன்று திங்களுக்குப் பின் அவரால் எழவே இயலவில்லை. அன்பினாற் செய்தோம் என்பது மெய். அம்மையாரின் வரலாற்றைப் பின்னர்க் கற்றபோது எம் நெஞ்சு சுட்டதும் மெய்.

அம்மையார் செய்தன எளியன. கூடங்களில் விளக்கொளியை மிகுவித்தார். சுவர்களுக்கு வெளிறிய வண்ணம் பூசுவித்தார். பற்றி நடத்தற்குக் கைப்பிடிகள் அமைப்பித்தார். எழக்கூடியவரை எழுப்பி, உடுத்தல் உண்ணல் நடத்தல் ஆகியவற்றைத் தாமே செய்யப் பயிற்றினார். பக்கவாதத்தால் ஒரு புறம் செயலிழந்தாரையும், காலிழந்தாரையும் அவ்வாறே பயிற்றினார். மருத்துவரும், செவிலியரும், உடற்பயிற்சி தருவாரும், குடும்பநிலை விசாரிப்பாரும் ஒருங்குகூடி ஒரு நோயாளரைப் பற்றி எண்ணல் வேண்டும் என்பது அவர் முறை. செவிலியர் விரைவு கருதித் தாமே உடுத்திவிடுதல் எளிது. முதியவர் நடுங்குங் கையால் பொத்தானிடும் வரை பொறுத்திருத்தலே அரிது. இப்பயிற்சியால் பலர் தம் இல்லம் மீண்டனர். சிலர் முதியோர் விடுதிகளுக்குச் சென்றனர். சின்னாளில் முன்னிருந்தவற்றிற் பாதிக்கும் குறைவான படுக்கைகளே போதுமாயின.

முதியோரைத் தனியே ஒதுக்காது, பொது மருத்துவசாலையிலேயே அவர்க்கெனப் பகுதி அமைத்தல் வேண்டும் என்றும், மருத்துவ மாணவர் இக்கலையைக் கற்றல் வேண்டும் என்றும் 1943-இலும் 1946-இலும் மருத்துவ இதழ்களில் எழுதினார். அக்காலத்து மருத்துவருட் பலர் இத்துறையைப் பொருட்படுத்திலர். ஆயினும் 1947-இல் முதியோர் மருத்துவத்துக்கென ஒரு சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தாருள் அம்மையாரும் ஒருவர். அதுவே பின்னர்ப் பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம் எனப் பெயர் பெற்றது. 1948-இல் அந்நாட்டில் தேசிய மருத்துவப் பணி நிறுவப்பெற்றபின் இத்துறைக்கெனத் தனி மருத்துவர் அமர்த்தப்பெறலாயினர். அம்மையாரும் பல நாடுகளுக்குச் சென்று தம் முறையை விளக்கிவந்தார்.

1960-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அயல்நாட்டில் நிகழவிருந்த மாநாடு ஒன்றற்குச் செல்லும் வழியில் ஊர்தி விபத்துக்குள்ளாகி, தமது 62-ஆம் அகவையில், தளர்ந்த முதுமையைத் தாம் காணாமலே உயிர்நீத்தார்.